பிரிட்டனின் பனிச்சாலைகளும் மோட்டார் சாரதிகளும்

பூகோளப் படத்தை விரித்து, லண்டன் மாநகரத்தின் அட்சரேகையை விரலால் தொட்டுக்கொண்டே மேற்கு நோக்கி அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து செல்வோமானால், கனடா தேசத்தில் வின்னிபெக் நகரத்துக்கும் வடக்கே போய்ச் சேருவோம். வின்னிபெக்கில் ஜனவரி மாதத்துச் சராசரி உஷ்ணநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 15 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டி இறங்கிக் கிடக்க, லண்டனிலோ அதே மாதத்தில் அது பூஜ்ஜியத்துக்கு மேலே 5 டிகிரியை ஒட்டி நிற்கிறது. சமுத்திரத்தின் வெதுவெதுப்பைச் சுமந்துகொண்டு தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுகள் பிரிட்டிஷ் தீவுகளுக்குச் செய்துவரும் உபகாரம் இது. ஆனால் மோட்டார் ஓட்டுகிறவர்களைப் பொறுத்தவரையில், இந்த உபகாரத்துக்குள்ளேயே ஓர் உபத்திரவமும் அடங்கியிருக்கிறது.

எப்போதாவது காற்று கிழக்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ திரும்பி வீசி, ஓரிரவில் நான்கு விரற்கடை வெண்பனி பெய்துவிட்டதென்றால், மறுநாள் காலையில் இங்கிலாந்தின் பெருஞ்சாலைகளில் லாரிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றுவிடுகின்றன, பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன, பத்திரிகைகள் அதிகாரிகளைச் சாடுகின்றன, ஆறு மாதம் பனியிலேயே வாழும் பின்லாந்துக்காரர்களும் கனடாக்காரர்களும் அந்தச் செய்திகளைப் பார்த்து நகைக்கிறார்கள். இத்தனை சொற்பப் பனிக்கா இத்தனை ஆரவாரம் என்பது அவர்கள் கேள்வி. ஆயத்தம் போதாது, பழக்கம் போதாது என்று சொல்லி அக்கேள்விக்குப் பாதி விடை கூறிவிடலாம். மற்றப் பாதி விடை பனிக்கட்டி என்னும் பொருளின் சுபாவத்திலேயே இருக்கிறது. கடுங்குளிரில் கிடக்கும் பனியைக் காட்டிலும் மிதமான குளிரில் கிடக்கும் பனியே அதிகமாக வழுக்கும் என்பதையும், பிரிட்டனின் குளிர் பெரும்பாலும் அந்த மிதமான எல்லையிலேயே ஊசலாடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு, அத்தீவின் சாரதியைப் பார்த்து நகைப்பதற்கு முன்னால் சற்றே தயங்கத் தோன்றும்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பது குழந்தையும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை காண விஞ்ஞானிகள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை சற்றுத் தாழும் என்பதை 1849-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் தாம்ஸன் கணித முறையில் கண்டு சொல்ல, அவருடைய சகோதரரும் பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவருமான வில்லியம் தாம்ஸன் அதைப் பரிசோதனையால் ஊர்ஜிதம் செய்தார். அந்த உண்மையை ஆதாரமாகக் கொண்டு, சறுக்குக் காலணியின் கூரிய விளிம்பு அழுத்துவதனாலேயே அதன் கீழ் நீர் உண்டாகிறது என்று 1886-ல் ஜான் ஜோலி விளக்கம் கூறினார். கேட்பதற்கு அழகான விளக்கம். பாடப்புத்தகங்கள் வெகுகாலம் இதையே சொல்லிக்கொண்டிருந்தன. மோட்டார் வண்டிக்கு அதைப் பிரயோகித்துப் பார்த்தாலோ கணக்கு சரிவரவில்லை. ஒரு வாயுமண்டல அழுத்தத்துக்கு உருகுநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. காரின் டயர் சாலையை அழுத்துவதோ ஏறத்தாழ இரண்டு வாயுமண்டல அழுத்தத்தோடுதான். அவ்வளவு அற்பமான மாற்றம், பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரியில் இருக்கும் பனியை உருக்குவதற்குப் போதவே போதாது.

உண்மையான விளக்கத்தின் முதல் இழையைக் கண்டவர் மைக்கேல் பாரடே. இரண்டு பனிக்கட்டிகளை ஒன்றோடொன்று பொருந்த வைத்தால் அவை ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடுவதைக் கவனித்த அவர், உருகுநிலைக்குக் கீழேகூடப் பனிக்கட்டியின் மேற்பரப்பில் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்க வேண்டும் என்று 1850-ல் எடுத்துரைத்தார். பனிக்கட்டியின் உள்ளே இருக்கும் அணுத்திரள் ஒவ்வொன்றையும் நாற்புறமும் உள்ள அண்டைத் திரள்கள் கட்டிப்பிடித்து நிறுத்துகின்றன. மேற்பரப்பில் உள்ளவற்றுக்கு மேலிருந்து பிடிப்பார் இல்லாமையால், அவை பாதி திடமும் பாதி திரவமுமாக அசைந்துகொண்டிருக்கின்றன. பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க இந்தப் படலம் தடித்துக்கொண்டே போகிறது. பாரடே ஊகித்ததைப் பிற்கால விஞ்ஞானிகள் நுட்பமான கருவிகளால் அளந்து மெய்ப்பித்திருக்கிறார்கள். இதனோடு, 1939-ல் பவுடன், ஹியூஸ் என்னும் இருவர், ஸ்விட்ஸர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலைக்கணவாயில் பனிக்குகை ஒன்றில் பரிசோதனைகள் நடத்தி, உராய்வினால் பிறக்கும் வெப்பமும் பனியின் மேற்பரப்பை உருக்கி நீராக்குகிறது என்று காட்டினார்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரியில் கிடக்கும் பனியில், அவ்வெப்பத்தின் பெரும்பகுதி பனியைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடும். 1 டிகிரி கீழே கிடக்கும் பனியிலோ அது அனேகமாக முழுவதும் உருக்குவதற்கே பயன்படும். ஆகவே சைபீரியாவின் சாலையில் கிடக்கும் பனி உலர்ந்து, மொறமொறப்பாக, டயருக்கு ஓரளவேனும் பிடிப்புக் கொடுப்பதாக இருக்க, பிரிட்டனின் பனி ஈரம் பூசிய கண்ணாடியாக மாறிவிடுகிறது.

பிரிட்டனின் குளிர் எவ்வளவு மிதமானது என்பதற்கு, அத்தேசத்தார் இன்றும் பேரச்சத்தோடு நினைவுகூரும் 1962–63-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தையே சான்றாகக் காட்டலாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெய்யத் தொடங்கிய பனி பல இடங்களில் மார்ச் மாதத் தொடக்கம் வரையில் நிலத்தை விட்டு அகலவில்லை. கெண்ட் மாகாணத்துக் கடற்கரையில் ஹெர்ன் பே என்னும் ஊருக்கு எதிரே சமுத்திர ஜலமே உறைந்தது. கிராமங்கள் வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. ஆயினும் 1659 முதல் மத்திய இங்கிலாந்துக்கென்று தொடர்ந்து வைக்கப்பட்டுவரும் உஷ்ணநிலைப் பதிவின்படி, இருபதாம் நூற்றாண்டிலேயே மிகக் குளிர்ந்த மாதமாகிய அந்த 1963 ஜனவரியின் சராசரி, பூஜ்ஜியத்துக்குக் கீழே 2.1 டிகிரிதான். சாதாரண வருஷங்களின் பனிநாட்களில் பகலில் பூஜ்ஜியத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரியும், இரவில் கீழே இரண்டு மூன்று டிகிரியுமாக உஷ்ணநிலை ஏறி இறங்கும். பகலில் இளகிய பனி இரவில் மறுபடி உறைகிறது. அதன்மேல் காலையில் வண்டிகள் ஏறி, அதை மேலும் மெருகேற்றிவிடுகின்றன. நாற்சந்திகளிலும் ஏற்றங்களிலும், புறப்பட மாட்டாமல் சுழலும் சக்கரங்கள் தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகப் பளபளப்பான வழுக்குப் பாறை ஒன்றைத் தயாரித்து வைத்துவிட்டுப் போகின்றன.

இந்தப் பரப்பின்மேல் வண்டியை நிறுத்துவதென்பது எத்தகைய காரியம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. பிரேக்கை அழுத்திய பிறகு வண்டி செல்லும் தூரம், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும், டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வெண்ணுக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வெண் சுமார் 0.7, இறுகிய வெண்பனியில் 0.2 அல்லது 0.3, பனிக்கட்டியில் 0.1, ஈரம் பூசிய பனிக்கட்டியில் அதற்கும் கீழே. 1931 முதல் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்டுவரும் சாலை விதிநூலாகிய ‘ஹைவே கோட்’, மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் கார், சாரதி அபாயத்தை உணர்ந்து காலைத் தூக்கி வைப்பதற்குள் 9 மீட்டரும், பிரேக் பிடித்த பின் 14 மீட்டரும் ஓடும் என்று உரைக்கிறது. உராய்வெண் 0.1 என்று கொண்டால் அந்த 14 மீட்டர் 90 மீட்டருக்கும் மேலாகிறது. ஈரப் பனிக்கட்டியில் அதுவும் இரட்டிக்கலாம். பனியுறைந்த சாலையில் நிறுத்தும் தூரம் பத்து மடங்கு வரையில் கூடக்கூடும் என்று அந்த நூல் எச்சரிப்பது மிகைபடக் கூறுவதன்று. ஆனால் இதே சூத்திரத்தில் சாரதிக்கு ஓர் அபயமும் உண்டு. தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதனால், வேகத்தை மூன்றில் ஒன்றாக, அதாவது மணிக்கு 10 மைலாகக் குறைத்துக்கொண்டால், அந்த 90 மீட்டர் ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கி 10 மீட்டராகிவிடுகிறது. பனியில் மெதுவாகப் போ என்று பாட்டனார்கள் சொன்ன புத்திமதிக்குப் பின்னால் இருப்பது இந்த வர்க்கக் கணக்குதான்.

வேகத்துக்கு அடுத்தபடியாகச் சாரதி மனத்தில் இருத்த வேண்டியது, டயருக்கு உள்ள பிடிப்பு ஒன்றே என்பது. வண்டியை முன்னுக்கு உந்துவதும், பின்னுக்கு இழுத்து நிறுத்துவதும், பக்கவாட்டில் திருப்புவதும் ஆகிய மூன்று தொழில்களையும், உள்ளங்கை அகலத்துக்குச் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ரப்பர்தான் செய்தாக வேண்டும். பிரேக் முழுப் பிடிப்பையும் எடுத்துக்கொண்டுவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் ஒன்றும் இராது. ஸ்டியரிங் சக்கரத்தை எப்படிச் சுழற்றினாலும் வண்டி பழைய திசையிலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே வளைவுக்கு முன்னமேயே, சாலை நேராக இருக்கும் இடத்திலேயே, வேகத்தைத் தணித்துக்கொண்டு, வளைவில் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் தொடாமல் ஸ்டியரிங்கை மட்டும் மென்மையாகத் திருப்பிச் செல்வதே அனுபவசாலிகளின் முறை. புறப்படும்போது முதல் கியருக்குப் பதிலாக இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுவார்கள். முதல் கியரில் சக்கரத்தின்மேல் விழும் முறுக்கு விசை அளவுக்கு மீறிப் போய், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கிவிடும். ஏற்றத்தில் முன்னே செல்லும் வண்டி உச்சியை அடையும்வரை அடிவாரத்திலேயே காத்திருப்பார்கள். ஏனெனில் நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவதற்கு வேண்டிய பிடிப்பு, ஒரே சீராக ஏறிச் செல்வதற்கு வேண்டியதைவிட அதிகம். இறக்கத்தில் தாழ்ந்த கியரைப் போட்டுக்கொண்டு, எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும்படி விடுவார்கள். மின்சாரக் கார்களிலோ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பலமாகப் பின்னிழுப்பதுண்டு. இது பனியில் திடீர்ப் பிரேக் போலவே ஆகிவிடுமாதலால், அதன் வலுவைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் செய்தும் வண்டி வழுக்கிவிட்டால்? பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வண்டியின் வால்புறம் இடப்பக்கம் விலகுமானால், ஸ்டியரிங்கையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். முன்சக்கரங்கள் வழுக்கினாலோ, மேலும் திருப்புவதில் பயனில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கி, பிடிப்பு மீளும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவை ஏட்டில் எளியவை. அரை விநாடியில் கையும் காலும் தாமே செய்யும்படி பழக்கினாலன்றிப் பயன்படா. லண்டன் பஸ் சாரதிகளை இதற்காகவே சிஸ்விக் பணிமனையில் வழுவழுப்பாக நனைத்து வைத்த தளம் ஒன்றில் இரட்டைமாடி பஸ்ஸை ஓட்டச் செய்து, வேண்டுமென்றே வழுக்க விட்டு மீட்கப் பழக்கிவந்தார்கள். அத்தனை உயரமான பஸ் பக்கவாட்டில் சுழன்றும் கவிழாமல் நின்றதைக் காணவே ஒரு கூட்டம் கூடுமாம். சொந்தக் கார் ஓட்டும் சாமானியருக்கு அத்தகைய பயிற்சி கிட்டுவதில்லை. ஓட்டுநர் பரீட்சையிலும் பனி கிடையாது. தென் இங்கிலாந்தில் சில குளிர்காலங்கள் சாலையில் பனியே படியாமல் கழிந்துவிடுவதால், ஒருமுறை கற்றதும் அடுத்த பனிக்குள் மறந்துபோகிறது.

யந்திரங்கள் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டன என்று நினைப்பவர் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிரேக்கைத் தானாகவே விட்டுப் பிடிக்கும் ஏற்பாட்டை ஆகாய விமானங்களுக்காக டன்லப் கம்பெனியார் ‘மாக்ஸரெட்’ என்ற பெயரில் செய்திருந்தனர். அதையும், நான்கு சக்கரங்களையும் எஞ்சினே உந்தும் ஏற்பாட்டையும் ஒருங்கே பொருத்தி, 1966-ல் ‘ஜென்ஸன் எஃப்.எஃப்.’ என்ற காரை ஆங்கிலேயர்கள் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். பனிக்கென்றே பிறந்தது போன்ற அந்தக் கார் மொத்தம் 320-தான் விற்பனைக்குத் தயாரிக்கப்பட்டது. இன்று ஏ.பி.எஸ். என்று வழங்கும் அந்தப் பிரேக் ஏற்பாடு இல்லாத புதுக் கார் இல்லை. அது பனிக்கட்டியில் ஸ்டியரிங் பயன்படும்படி காப்பாற்றுகிறது. ஆனால் உதிரியான புதுப்பனியில், பூட்டிக்கொண்ட சக்கரம் பனியை முன்னால் குவித்துத் தானே ஒரு தடை கட்டிக்கொண்டு நின்றுவிடும், ஏ.பி.எஸ். அந்தக் குவியலைக் கட்ட விடாமையால், நிற்கும் தூரம் சற்றே நீள்வதும் உண்டு. நான்கு சக்கர உந்துதலைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் அது பேருதவி. நிற்பதற்கோ எள்ளளவும் உதவாது, ஏனெனில் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவர்கள் தவிக்கும் இடத்தில் தமது வண்டி சுலபமாகக் கிளம்பிவிட்டது என்ற இறுமாப்பில், மற்றவர்களைப் போலவே நிற்க முடியாமல் போய் மரத்தில் மோதுகிறவர்கள் ஒவ்வொரு பனிக்காலத்திலும் உண்டு.

பிடிப்பை உண்மையாகவே கூட்டுவது டயர். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிக் கட்டையாகிறது. குளிர்கால டயரில் சிலிக்காவும் மிருதுவான ரப்பரும் கலந்து, குளிரிலும் நெகிழும்படி செய்கிறார்கள். அதன் கட்டங்களில் நூற்றுக்கணக்கான நுண்கீற்றுகள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கீற்றின் விளிம்பும் பனியைக் கவ்வுவதோடு, பள்ளங்களில் அடைபடும் பனி சாலையில் கிடக்கும் பனியோடு ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. பனிமேல் சிறந்த பிடிப்புத் தருவது பனியே என்பது வியப்பான உண்மை. மூன்று சிகரங்களும் ஒரு பனித்துகளும் கொண்ட முத்திரை, அத்தகைய டயருக்கு அடையாளம். பனி நாட்களில் ஜெர்மனியில் இதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்க, பிரிட்டனில் அத்தகைய சட்டம் இல்லை. நாலைந்து நாள் பனிக்காக இரண்டாவது டயர் வரிசை ஒன்றை வாங்கி, அதை வைக்கவும் ஓர் இடம் தேடுவது பிரிட்டிஷ் குடும்பத்தலைவருக்கு வீண்செலவாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் பென்னைன் மலைத்தொடரிலும் குடியிருப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. மற்றவர்களுக்கு எல்லாப் பருவத்துக்கும் பொதுவான டயர் ஒரு நல்ல சமாதானம் என்றே எனக்குப் படுகிறது.

கண்ணுக்குத் தெரியும் பனியைவிடத் தெரியாத பனியே கொடியது. மேகமற்ற இரவில் சாலை தன் வெப்பத்தை ஆகாயத்துக்குக் கதிர்வீசி இழந்துவிடுவதால், காற்றின் உஷ்ணநிலை பூஜ்ஜியத்துக்கு மேலே 3 டிகிரி இருக்கும்போதே தார்ப்பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே சென்றுவிடக்கூடும். அங்கே முன்னமே இருந்த ஈரம் காற்றுக் குமிழிகள் இன்றித் தெளிவாக உறைந்து, கீழே உள்ள தாரின் நிறத்தையே காட்டி நிற்கும். சாரதிகள் ‘பிளாக் ஐஸ்’ என்று அஞ்சுவது இதைத்தான். பாலங்கள் மேலும் கீழும் காற்றுப் பட்டு முதலில் உறைகின்றன. மர நிழல் விழும் பள்ளங்கள் நண்பகலிலும் உருகாமல் கிடக்கின்றன. ஸ்டியரிங் திடீரென்று கையில் லேசாகிப் போவதும், டயரின் இரைச்சல் அடங்கிவிடுவதும் அதன்மேல் ஏறிவிட்டதற்கு அறிகுறிகள். சாலையின் எந்தப் பகுதி முதலில் உறையும் என்பதை வண்டியில் பொருத்திய அகச்சிவப்புக் கருவிகளால் இரவில் அளந்து படம் வரையும் முறை 1980-களில் பிரிட்டனில் வளர்ந்தது. தாரிலேயே பதித்த உஷ்ணமானிகள் இன்று இரவு முழுவதும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்தே மாலையில் உப்பு வண்டிகளை அனுப்புவதா வேண்டாமா என்று நிர்ணயிக்கிறார்கள்.

உப்பு, பிரிட்டனின் பனிச்சாலைகளுக்கு உயிர்நிலை. குல்பி ஐஸ் விற்பவர் தம் பானையைச் சுற்றிலும் ஐஸையும் உப்பையும் கலந்து போடுவதைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை: உப்புக் கரைந்த நீர் பூஜ்ஜியத்தில் உறைவதில்லை, நூற்றுக்கு 23 பங்கு உப்பு கரைந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 21 டிகிரி வரையிலும் உறைய மறுக்கும். சதுர மீட்டருக்கு 10 கிராம் உப்புத் தூவினால், சாலையில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு உள்ள ஈரம் ஏறக்குறைய 6 டிகிரி கீழே இறங்கும்வரை உறையாது. ஆனால் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புதுப்பனி பெய்துவிட்டாலோ சதுர மீட்டருக்கு அதன் எடை 5 கிலோ அளவுக்கு வரும். 5 டிகிரி குளிரில் அதை முழுவதும் உப்பாலேயே உருக்குவதென்றால் 400 கிராம் வேண்டும். ஆகவே உப்பின் வேலை பனியை உருக்குவதைக் காட்டிலும், அது சாலையோடு ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதே; ஒட்டாத பனியைப் பின்னால் வரும் கலப்பை வண்டி வழித்துத் தள்ளிவிடும். பனிக்கு முன்பே தூவ வேண்டும், தூவியதற்கும் பனிக்கும் இடையே மழை வந்து கழுவிவிடக் கூடாது, தூவியபின் வண்டிகள் ஓடி அரைத்துக் கலக்க வேண்டும். இம்மூன்றும் கூடி வருவது, மழையும் பனியும் மாறிமாறி வரும் அத்தேசத்தில் சில நாட்களில்தான். ஆயினும் இங்கே மிதக்குளிரைக் கொஞ்சம் மெச்சவும் வேண்டும்: பூஜ்ஜியத்துக்குக் கீழே 8, 10 டிகிரியைத் தாண்டினால் உப்பு மந்தமாகிவிடுமாதலால், கடுங்குளிர்த் தேசங்களில் இந்த உபாயம் இவ்வளவு எடுபடாது.

இந்த உப்பு கடலிலிருந்து வருவதன்று. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வற்றிப்போன உவர்நீர்ப் பரப்புகளின் எச்சம், செஷையர் மாகாணத்தில் வின்ஸ்ஃபோர்டு என்னும் ஊரின் அடியில் 150 மீட்டருக்கும் கீழே பாறையாகக் கிடக்கிறது. 1844-ல் நிலக்கரி தேடித் தோண்டியவர்கள் அதைக் கண்டார்கள். களிமண் கலந்து செம்பழுப்பாக இருக்கும் அந்தப் பாறையுப்பையே பொடியாக்கிச் சாலைகளில் இறைக்கிறார்கள். வெட்டியெடுத்தபின் எஞ்சிய சுரங்க அறைகள் ஈரமின்றி ஒரே சீரான உஷ்ணத்தில் இருப்பதால், அரசாங்க ஆவணக் காப்பகமும் தன் ஏடுகளில் ஒரு பகுதியை அங்கே வைத்திருக்கிறது. உப்பினால் கார்களின் அடித்தகடு துருப்பிடிக்கிறது என்பது எல்லோரும் அறிந்த குறை; அதிகம்பேர் அறியாத விளைவு ஒன்றும் உண்டு. கடற்கரையில் மட்டுமே வளர்ந்துவந்த டேனிஷ் ஸ்கர்வி புல் என்ற சிறு பூண்டு, உப்பேறிய பெருஞ்சாலை ஓரங்களைக் கடற்கரையென்றே கொண்டு, 1980-கள் தொடங்கி நாட்டின் உட்பகுதியெங்கும் பரவி, வசந்தகாலத்தில் சாலை நடுத்திட்டுகளில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது.

சாலையில் உறைந்த பனியை அகற்றும் கடமை அதிகாரிகளுக்கு உண்டா என்ற கேள்வி ஒருகால் பிரபுக்கள் சபை வரையில் சென்றது. சாலையைச் செப்பனிட்டு வைக்கும் கடமையில் பனியை அகற்றுவது அடங்காது என்று 2000-ஆம் ஆண்டில் அச்சபை தீர்ப்பளித்தது. 2003 ஜனவரி கடைசியில் லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே எம் 11 பெருஞ்சாலையில் பனியில் சிக்கி, ஆயிரக்கணக்கானோர் இரவு முழுதும் வண்டியிலேயே கிடக்க நேர்ந்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, நியாயமாக இயலும் அளவுக்குப் பனியினால் பிரயாணத்துக்கு அபாயம் நேராமல் காப்பது அதிகாரிகளின் கடமையாயிற்று. 2010 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் எம் 8 சாலையில் அதே கதி நேர்ந்தபோது, போக்குவரத்து அமைச்சர் ஸ்டூவர்ட் ஸ்டீவன்ஸனே சில நாட்களில் பதவி விலகினார். அந்த ஆண்டில்தான் உப்புத் தட்டுப்பாட்டை ஆராய்ந்த டேவிட் குவாம்பி குழுவினர், ஒவ்வொரு சாலை அதிகாரியும் பன்னிரண்டு நாள் கடும்பனிக்குப் போதுமான உப்பைக் குளிர்காலம் பிறக்குமுன்னே சேமித்து வைக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

சாரதிக்கும் சட்டம் சில கடமைகளை வைத்திருக்கிறது. எல்லாக் கண்ணாடிகளிலும் பனியை அகற்றி, தெளிவாகப் பார்க்கும்படி செய்துகொண்டே புறப்பட வேண்டும்; ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டிக்கொண்டு, பீரங்கி வண்டியின் துவாரத்தின் வழியே பார்ப்பவர்போல் போவது குற்றம். கூரையில் கிடக்கும் பனியையும் தள்ளிவிட வேண்டும். பிரேக் பிடிக்கையில் அது அப்படியே வழுக்கி முன்கண்ணாடியை மூடிவிடும். கொதிநீர் ஊற்றுவது பேதைமை. கண்ணாடி ஒரு பக்கம் திடீரென்று விரிந்து வெடித்துவிடும். சாராயச் சத்துக் கலந்த தெளிப்பானே சரியான மருந்து.

மலைவழிகளில் இந்த ஏற்பாடுகள் எல்லாம் சில நாட்களில் தோற்றுப்போகின்றன. பிரிட்டனின் பிரதான சாலைகளில் மிக உயர்ந்ததான கெய்ர்ன்வெல் கணவாய் 670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும், காக்பிரிட்ஜிலிருந்து டோமின்டூலுக்குச் செல்லும் வழியிலும், ரயில்வே கேட்டைப் போலக் கதவுகள் அமைத்து, பனி அதிகமானால் சாலையையே பூட்டிவிடுகிறார்கள். வட யார்க்‌ஷையரில் 528 மீட்டர் உயரத்தில் உள்ள டான் ஹில் விடுதி, பிரிட்டனிலேயே உயரமான இடத்தில் உள்ள சத்திரம் என்று பேர்பெற்றது. 2021 நவம்பரில் ஆர்வென் புயலின்போது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே பாட்டுக் கேட்க வந்தவர்களில் சுமார் அறுபது பேர், பாட வந்த குழுவினரோடு சேர்ந்து மூன்று இரவுகள் வெளியேற வழியின்றித் தங்கிவிட்டார்கள். உணவும் நெருப்பும் இருந்ததால் அவர்கள் பாக்கியசாலிகள். நட்டநடுச் சாலையில் சிக்கியவர் வண்டியை விட்டு இறங்கி நடக்கத் துணியாமல் உள்ளேயே இருப்பது நலம். கம்பளி, மண்வெட்டி, கைவிளக்கு, சூடான பானம் ஆகியவற்றை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். கதகதப்புக்காக எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னால், இறங்கிச் சென்று புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்ப்பது மிக அவசியம். மூடியிருந்தால் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் புகுந்து, உறங்குகிறவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

இன்றியமையாத காரியமாக அல்லாமல் வெளியே புறப்படாதீர்கள் என்பது ஹைவே கோட் கூறும் யோசனை. வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்க்கும் வழக்கம் பரவிய பிறகுதான், இந்த யோசனையைப் பலரும் உண்மையாகவே அனுசரிக்க முடிகிறது. ஆனால் நர்ஸுகள் புறப்பட்டாக வேண்டும். பால் லாரிகள் புறப்பட்டாக வேண்டும். எல்லோருக்கும் முன்னால் உப்பு வண்டிக்காரர் புறப்பட்டாக வேண்டும். ஸ்காட்லாந்தில் இந்த வண்டிகளுக்குச் ‘சர் சால்ட்டர் ஸ்காட்’, ‘கிரிட்னி ஸ்பியர்ஸ்’ என்றெல்லாம் வேடிக்கைப் பெயர்கள் சூட்டி, எது எங்கே ஓடுகிறது என்று ஜனங்கள் வீட்டிலிருந்தே படத்தில் பார்த்துக் களிக்கிறார்கள். உப்பை இறைக்கும் தட்டு வண்டியின் பின்பக்கத்தில் இருப்பதால், தாம் காப்பாற்றப் போகும் சாலையின்மேல் அந்தச் சாரதி மட்டும் உப்பில்லாமலேயே ஓட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. அவருக்குத் துணையாவது பின்னச்சின்மேல் பாரமாக அமர்ந்து, உந்தும் சக்கரங்களைச் சாலையோடு அழுத்திக்கொண்டிருக்கும் பல டன் உப்புதான். சாலை நீள நீள அதுவும் குறைந்துகொண்டே வருகிறது.